பின்கண்ணாடியில் ஸ்டெல்லா மேடம் ஒட்டிய வரி

என் கடைக்கு வந்த பிறகு செத்தவர்களில் கெட்டவர் என்று யாருமே கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஃபிளெக்ஸும் ஸ்டிக்கரும் அடிக்கும் கடை என்னுடையது. ‘பாசத்தின் இருப்பிடம்’, ‘பண்பின் சிகரம்’, ‘சிரித்த முகம்’ என்று கம்ப்யூட்டரில் வாசகங்கள் தயாராக இருக்கும். படத்தையும் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது. அன்று காலை ஷட்டரைத் தூக்கும்போதே போன் அடித்தது. புவனகிரி ரைஸ்மில் முதலாளி தணிகாசலம். குரல் கம்மியிருந்தது.

“தம்பி, அவசரமா ஒரு கண்ணீர் அஞ்சலி வேணும். படம் மெயில்ல வரும். ‘அமைதியின் வடிவம், அதிர்ந்து பேசாத அன்புள்ளம்’னு பெருசா போட்டுடுங்க. கீழ கார் ஓனர்ஸ் சார்பானு போட்டுக்குங்க.”

யாருக்கு என்று கேட்டேன். “நம்ம ஸ்டெல்லா மேடம்தான். விடியக்காலைல அட்டாக். சிதம்பரத்துல வீட்டுலயே போயிட்டாங்க” என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவர் நிஜமாகவே அழுதார் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். பின்னால் அவரைப் பற்றி எழுதப்போவதைப் படிக்கிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் வந்தவர். என் நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறி சுற்றுகிற சத்தத்தைக் குறை சொல்லிவிட்டுப் போனவர். துக்கம் வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. அதிர்ந்து பேசாத அன்புள்ளமா? அவரைத் தெரிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், அந்த வரியைச் சிரிக்காமல் படிக்க முடிந்ததா உங்களால்?

தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா மேடம் கீரப்பாளையத்தில் வேளாண்மை அலுவலராக இருந்தவர். கீரப்பாளையத்துக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்து, அந்த வயல்களில் நாற்று நட்டவர்களின் மகளாக வளர்ந்து, படித்து, அதே வயல்களுக்கு அதிகாரியாகத் திரும்பி வந்தவர். கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். ஒரே மகள் ஷைனி. சுனாமிக்கு அடுத்த வருடம் கடன் போட்டு ஒரு கார் வாங்கினார். ஜப்பான் வண்டி. கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் ஜப்பான் என்று சொன்னாலே போதும், எந்த வண்டி என்று பெட்டிக்கடைக்காரர்கூடச் சொல்வார். பானெட்டைத் திறக்க வேண்டிய அவசியமே வராத வண்டி, ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு பேரப்பிள்ளை காலம்வரை ஓட்டலாம் என்று அதற்குப் பெயர். ‘காலனிக்காரம்மாவுக்கு ஜப்பான் வண்டி கேக்குது’ என்று சொன்னவர்களும் உண்டு. அவர் காதில் விழும்படியாகவே சொன்னார்கள்.

ஒவ்வொரு வாரமும் கூட்டத்துக்காக அவர் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு அந்த வண்டியில் வருவார். வாங்கிய முதல் கோடையிலேயே, சிப்காட் தொழிற்பேட்டைக்கு எதிரில், ஓடிக்கொண்டிருந்த வண்டியின் என்ஜின் தானாக நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக்கை ஏறி மிதிக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஆசிட் டேங்கர் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. பக்கத்து இருக்கையில் ஷைனி. அந்தக் கெமிக்கல் நாற்றத்தில், ரோட்டோரத்தில், தாயும் மகளும் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த மாதமும் அப்படியே. வெயிலில் ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஓடினால், வருகிற நாளில் வரும். சர்வீஸுக்கு விட்டால் வராது.

பாண்டிச்சேரி ஷோரூமின் மேனேஜர் சொன்னதை மேடம் எத்தனையோ முறை என்னிடம் நடித்துக் காட்டியிருக்கிறார். டையைச் சரிசெய்துகொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு: “ஜப்பான்காரன் பண்ண வண்டி மேடம். அதுல தப்பு வராது. லேடீஸ் ஓட்டறப்ப கிளட்ச்சுல கால் வச்சுக்கிட்டே இருப்பாங்க.” இவர் அங்கேயே, மற்ற வாடிக்கையாளர்கள் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்த ஹாலில், எல்லோருக்கும் கேட்கிறமாதிரி பதில் சொல்லியிருக்கிறார். “ஜப்பான்காரனும் மனுஷன்தான் சார். அவன் பண்ணதுலயும் தப்பு வரும். வந்தா நீங்க என்ன பண்ணுவீங்கன்னுதான் கேக்கறேன்.” குளிர்பானம் மட்டும் இன்னொன்று கொடுத்தார்களாம்.

அங்கிருந்து அவர் நேராக வந்தது என் கடைக்கு. அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. காரின் பின்கண்ணாடியில் ஒட்ட ஒரு வரி வேண்டும் என்றார். ‘இந்த வண்டி வாங்கப் போகிறீர்களா? என்னைக் கேளுங்கள்.’ கீழே அவருடைய போன் நம்பர். வண்டிக்கு ஏஜென்சி எடுத்திருக்கிறார்போல என்று நினைத்து, ஒரு பூ டிசைன் போடட்டுமா என்று கேட்டேன். “பூவெல்லாம் வேணாம் செல்வம். எழுத்து மட்டும் ஒழுங்கா தெரியட்டும். ரோட்டுல பின்னால வர்றவன் படிக்கணும்” என்றார். விஷயம் தெரிந்த பிறகு எனக்கு ஒன்று விளங்கவில்லை. காலனியிலிருந்து வந்து கார் வாங்கியவர் என்று ஊரே வாய்க்குள் சிரிக்கிறது. இந்த நேரத்தில், நான் வாங்கிய வண்டி நடுரோட்டில் நிற்கிறது என்று அவரே போய்ச் சொல்வதா? அதை அப்படியே கேட்டுவிட்டேன். “சிரிக்கிறவன் வண்டி வாங்குனாலும் சிரிப்பான், நின்னாலும் சிரிப்பான். அவனுக்குப் பயந்துகிட்டு, இன்னொருத்தி பொண்ணோட டேங்கருக்கு முன்னால போய் நிக்கட்டும்னு விட முடியுமா?” என்றார்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் கார் வாங்குகிறவன் ஷோரூமை நம்பமாட்டான். ஏற்கெனவே வாங்கியவன் வீட்டைத் தேடிப் போவான். வண்டியை ஒரு சுற்று சுற்றி, டயரைக் காலால் தட்டி, ‘வண்டி எப்படிங்க?’ என்பான். வாங்கியவன் ‘சூப்பர்’ என்பான். வேறென்ன சொல்வான்? இவ்வளவு போட்டு ஏமாந்தேன் என்று பெண்டாட்டியிடமே ஒத்துக்கொள்ளாதவன், தெருவில் நின்று ஒத்துக்கொள்வானா? கேட்டவனும் போய் வாங்குவான். அடுத்து அவனைக் கேட்க ஒருவன் வருவான். ஜப்பான் வண்டியின் பெயர் எங்கள் மாவட்டத்தில் இப்படித்தான் பரவியது. அந்தச் சங்கிலியில் ‘சூப்பர்’ சொல்லாத முதல் ஆள் ஸ்டெல்லா மேடம்.

அவர் சொன்ன பதில் உங்களில் பலருக்கு மனப்பாடமாகத் தெரியும். “நல்ல வண்டி. நடுவுல நிக்கும். ரெண்டையும் கேட்டுக்கிட்டுப் போங்க.” அதன் பிறகு இரண்டையும் விவரமாகச் சொல்வார். சிதம்பரம் கீழவீதியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கப் போனால், திரும்பி வரும்போது யாராவது ஒருவர் காத்திருப்பார். பையைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே பேசுவார். ஒருமுறை வேறொரு கம்பெனியின் ஏஜென்ட், வண்டியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து, ஆட்களை அழைத்துக்கொண்டு வந்தான். மேடம் அன்றைக்கு ஏசியின் குளிர்ச்சி, மைலேஜ், மேட்டில் ஏறுகிற வேகம், கதவு சாத்துகிற சத்தம் என்று வண்டியைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். கடைசியில்தான் “நிக்கும்” என்றார். ஏஜென்ட் முகம் தொங்கிப்போயிற்று. நானும் அதையெல்லாம் கேட்டுவிட்டு அதே வண்டியைத்தான் வாங்கினேன். தெரிந்தே வாங்கினேன். வெயில் நேரத்தில் வலது பக்கம் போகாமல் ஓரமாகவே ஓட்டினேன். அந்த உஷார் எனக்கு ஷோரூம் கொடுத்தது கிடையாது.

இந்த வண்டிக்காரர்கள் எங்கள் இரண்டு ஊரிலும் சேர்ந்து ஒரு பதினைந்து பேர் இருந்தோம். தணிகாசலம் அதற்குப் பெரியதலை. எதிரில் அதே வண்டி வந்தால் லைட்டை இரண்டு தரம் அடித்து வணக்கம் வைப்பது எங்கள் பழக்கம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரத்தில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் கூடி டிபன் சாப்பிடுவோம். அங்கே மேடம் ஒரு காலை எழுந்து நின்று, வண்டி நிற்பதைச் சொன்னார். உங்களில் யாருக்கெல்லாம் நின்றிருக்கிறது என்று கேட்டார். ஒரு கைகூட உயரவில்லை. பொங்கலில் மிளகைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது வண்டி வாங்கிப் பத்து நாள், எனக்கு நிற்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மேடத்துக்கு டிபன் அழைப்பு நின்றது. ரோட்டில் லைட் அடிப்பதும் நின்றது. இவர் விடவில்லை. எதிரில் அந்த வண்டி வந்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் லைட் அடிப்பார். “அவுங்க அடிக்கலன்னா எனக்கென்ன? எனக்குக் கை இருக்கு” என்பார்.

ஷோரூம்காரர்கள் அவருடைய மேலதிகாரியைப் போய்ப் பார்த்தார்கள். அரசு ஊழியர் ஒருவர் தனியார் கம்பெனியின் பெயரைக் கெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். மேலதிகாரி கூப்பிட்டு ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொன்னார். மேடம் அவரை ஜன்னலுக்கு அழைத்துப்போய்க் கீழே நின்றிருந்த வண்டியைக் காட்டினார். “நல்லா படிங்க சார். அதுல கம்பெனி பேரு இருக்கா? குறை ஏதாவது எழுதியிருக்கா? கேளுங்கன்னுதானே போட்டிருக்கு. கேக்கறதுக்கு ஏன் சார் பயப்படணும்?” அதிகாரி இரண்டு தரம் படித்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டாராம். அந்த வருடம் மேடத்துக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. மேடமும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இப்போது அவருடைய குறைகள். செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். மேடத்துக்குக் கோபம் ஜாஸ்தி. சாம்பார் ஆறியிருந்தால் சமையற்காரரை வெளியே வரவழைப்பார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் கியர் கியராக நமக்குச் சொல்லிக்கொடுப்பார். நன்றி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஷைனியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், காபி கொடுத்த கையோடு, “பொண்ணுக்குக் கோவம் வரும். சமைக்கத் தெரியாது. வேலைய விடமாட்டா. கேட்டுக்கிட்டு முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டார். அவர்கள் காபியோடு கிளம்பினார்கள். ஷைனி பல மாதம் அம்மாவோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில், இருவரும் ஊமையாகச் சாப்பிட்டார்கள். என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, “தப்பு பண்ணிட்டனா செல்வம்?” என்று ஒரே ஒருமுறை கேட்டார். மகள் என்ன வண்டியா மேடம் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கும் பதில் வைத்திருந்தார்: “வண்டிக்கே சொல்றேன், மகளுக்குச் சொல்லாம இருப்பனா?”

தணிகாசலம் கதைக்கு வருகிறேன். காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் செய்யும் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கார் வாங்க நினைத்தார். மாமனார் வீட்டில் தணிகாசலத்துக்கு ஜப்பான் வண்டியால் ஒரு தனி மரியாதை. விசேஷங்களுக்குப் போனால் வண்டியைச் சுற்றித்தான் பேச்சே ஓடும். மச்சான் ஒருநாள் பண்ருட்டி ரோட்டில் மேடத்தின் பின்கண்ணாடியைப் படித்திருக்கிறார். நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து, கேட்கலாமா மாமா என்று தணிகாசலத்திடம் கேட்டிருக்கிறார். தணிகாசலத்தின் வண்டி அதற்குள் பலமுறை நின்றிருந்தது. ஆனால் பெண் கொடுத்த வீட்டில் அதை எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் பீற்றிக்கொண்டதை எங்கே கொண்டுபோய் வைப்பது? “அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, அது பேச்சக் கேக்காத” என்று சொல்லிவிட்டார். மச்சான் வண்டி வாங்கினார். அந்தச் சித்திரையில் குடும்பத்தோடு சிதம்பரம் கோயிலுக்கு வந்தபோது, வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வண்டி நின்றது. பின்னால் வந்த பஸ் மோதியது. குழந்தைகளுக்குக் கீறலோடு போயிற்று. மச்சானுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மேடம் கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நானும் போனேன். கட்டிலைச் சுற்றி மாமனார் வீட்டு ஜனம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. ‘புது டிரைவிங், பாலத்துல பயந்துபோயி ஆஃப் பண்ணிட்டான்’ என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் மேடத்தை அடையாளம் கண்டுகொண்டார். “உங்கள கேக்கணும்னுதான் இருந்தேன் மேடம். மாமா வேணாம்னுட்டாரு” என்றார். தணிகாசலம் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். மேடம் அவரைத் திட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் திட்டவில்லை. தணிகாசலத்தின் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“வண்டி தானா நின்னுதுன்னு இவரு சொல்றாரு. இவங்க யாரும் நம்பல. உங்களுக்குத் தெரியும். காலும் போயி, ஓட்டத் தெரியாதவன்ங்கற பேரும் இவருக்கே போகணுமா?”

தணிகாசலம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கும் நின்னுருக்கு” என்றார் கடைசியில். “நாலஞ்சு தரம். சொல்ல வாய் வரல.” அந்த அம்மாள் தம்பியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். தணிகாசலத்துக்கு அதைவிடப் பெரிய தண்டனையை நீதிமன்றம்கூடக் கொடுத்திருக்க முடியாது. அடுத்த வாரம் அவர் என் கடைக்கு வந்தார். மேடத்தின் வண்டியில் இருக்கிற அதே ஸ்டிக்கர் தனக்கும் வேண்டும் என்றார். ‘ஆனா போன் நம்பர் மட்டும் வேணாம் தம்பி’ என்றார். அடுத்து வந்தபோது நான் இதைச் சொன்னதும் மேடம் கடையே அதிரச் சிரித்தார். நம்பர் இல்லாமல் யாரை எப்படிக் கேட்பது என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

ஒருவர் வாய் திறந்ததும் மற்றவர்களும் திறந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கேட்டதால் கம்பெனி சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியரை அனுப்பியது. அவர் கோளாறைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். மேடம் கத்திரி வெயிலில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தார். நான் பின் இருக்கையில். மத்தியானம் தாண்டி, முதன்முதலாக நின்ற அதே சிப்காட்டுக்கு எதிரில் வண்டி நின்றது. மேடம் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, இரண்டு கால்களையும் இருக்கையின் மேல் மடித்து வைத்துக்கொண்டார். உருண்டுகொண்டே போய் வண்டி மண் ஓரத்தில் ஓய்ந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. “பாத்துக்குங்க சார். கிளட்ச்சுல கால் இருக்கா?” என்றார். வெயிலிலும் கெமிக்கல் நாற்றத்திலும் அந்த மனிதர் டையைக் கழற்றி மூக்கில் வைத்துக்கொண்டார். இல்லை என்று தலையாட்டினார். நிதானமாக யோசித்தால் அன்று மேடம் செய்தது பைத்தியக்காரத்தனம். அதையும் நான் அவரிடமே சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

மழைக்காலத்துக்குள் எல்லோருடைய வண்டியிலும் ஒரு சின்ன சென்சாரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். சர்வீஸ் கேம்ப் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தப்பு என்ற வார்த்தை எங்கேயும் வரவில்லை. ஷோரூமில் மேடத்துக்கு ஒரு சாவிக்கொத்து கொடுத்தார்கள். அவர் அதை வாங்கவில்லை. ரோட்டில் லைட் அடிப்பது மறுபடியும் ஆரம்பமானது. டிபனுக்கும் கூப்பிட்டார்கள். அங்கே தணிகாசலம், மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “கேக்காமயே கம்பெனிக்காரன் மாத்திக் குடுத்தான் பாத்தீங்களா? அதான் ஜப்பான்” என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். மேடம் பாதி தோசையில் எழுந்து கைகழுவப் போய்விட்டார். வரும் வழியில், இனி அந்த ஸ்டிக்கரை எடுத்துவிடலாமே என்று நான் மெல்லக் கேட்டேன். “பார்ட்டதான மாத்துனாங்க. ‘சூப்பர்’னு சொல்றத மாத்தலியே. அது இருக்கட்டும்” என்றார்.

அந்த ஸ்டிக்கர் இருந்தது. தானே புயலில் தென்னை மட்டை விழுந்து பின்கண்ணாடி தூள்தூளாகும்வரை இருந்தது. புயலுக்குப் பிறகு கடலூரில் பல நாள் மின்சாரம் இல்லை. என் கடை போர்டு எந்தத் தெருவில் போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. மெஷின்கள் எல்லாம் முடங்கிக் கிடந்தன. மேடம் புதுக்கண்ணாடி போட்ட கையோடு வந்து நின்றார். நாள் முழுவதும் சாய்ந்த நெல்லையும் வேரோடு கிடந்த முந்திரி மரங்களையும் பார்த்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கரண்ட் வரட்டும் மேடம், மெஷினில் வெட்டித் தருகிறேன் என்றேன். “கை இருக்கில்ல?” என்றார். பிளேடை எடுத்து, எழுத்து எழுத்தாகக் கையால் வெட்டினேன். எழுத்துகள் கோணலாக வந்தன. அவர் வாசலில் நின்று, ஒவ்வொரு எழுத்தையும் குறை சொல்லிக்கொண்டே ஒட்டிக்கொண்டார். ஷைனி இப்போது சிதம்பரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் இருப்பது அந்தக் கோணல் எழுத்துகள்தான்.

அவர் இறந்த அன்று ஷைனிக்குப் போன் செய்தேன். அவளுக்கு இதற்குள் திருமணமாகியிருந்தது, குறையெல்லாம் கேட்டுக்கொண்டு கட்டிக்கொண்டவன் பக்கத்தில் இருந்தான். தணிகாசலம் கேட்ட வாசகத்தைச் சொல்லி, குடும்பத்துக்குச் சம்மதமா என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “அதிர்ந்து பேசாதவங்களா? எங்கம்மாவா? அதக் கட்டுனீங்கன்னா நானே கிழிச்சிப் போடுவேன் அண்ணே” என்றாள். குரல் அப்படியே மேடத்தின் குரல். பிறகு நாங்கள் இரண்டு பேரும் போனிலேயே அழுதோம்.

தணிகாசலத்துக்கு அந்த ஃபிளெக்ஸை நான் அடித்துக் கொடுக்கவில்லை. வேறு கடையில் அடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வருத்தப்பட்டார். நல்லதைச் சொல்வதில் என்ன தப்பு தம்பி என்று கேட்டார். பாலத்தில் நின்ற வண்டிக்கும் நீங்கள் நல்லதைத்தானே சொன்னீர்கள் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். வேறு கடைக்கும் போகவில்லை. சிதம்பரத்தில் மேடம் வீட்டுத் தெருமுனையில் கட்டியது நானும் ஷைனியும் எழுதியதுதான். பூ இல்லை, விளக்கு இல்லை, புறா இல்லை. முறைத்துப் பார்க்கிற அவர் படம். கீழே ஒரு வரி. ‘ஸ்டெல்லா மேடம் எப்படிப்பட்டவர்? எங்களைக் கேளுங்கள்.’

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று நீங்கள் கேட்பீர்கள். என் கடையில் இப்போது அந்தத் தயார் வாசகங்கள் கிடையாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். கண்ணீர் அஞ்சலிக்கு வருகிறவர்களிடம், அவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்கள், எழுதுகிறேன் என்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும். என் வண்டியின் பின்கண்ணாடியிலும் அதே வரி இருக்கிறது, என் போன் நம்பரோடு.

அடக்கம் முடிந்து, தெருமுனையில் அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “எப்படிங்க அவுங்க?” என்றார். தணிகாசலம் கொஞ்ச தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

“நல்லவங்க. கோவக்காரங்க. ரெண்டையும் கேட்டுக்கிட்டுப் போங்க.”

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.